ஓடாத வண்டிக்கு எதற்கு எண்ணெய்?

"அத்தை, வண்டி ஓடவே இல்லையே, அதுக்கு எதுக்கு ஆயில் மாத்தணும்?"

சின்னமனூரில் இருக்கும் என் நாத்தனார் மகள் கேட்ட கேள்வி இது. மாமனார் வைத்திருந்த பழைய மாருதி 800 அவள் கைக்கு வந்து 2 வருஷம் ஆகிறது. காலையில் பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் விடுவாள், மாலையில் கூட்டி வருவாள். நடுவில் கைக்குழந்தைக்குத் தடுப்பூசி, வாரச்சந்தை, அவ்வளவுதான். ஒரு நடைக்கு 2 கிலோமீட்டர் தாண்டாது. மொத்தம் 4,000 கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்று நினைத்தாள். நம்மில் பலரும் அப்படித்தான் நினைப்போம்.

ஆனால் எஞ்சினுக்கு இந்தக் குட்டி குட்டி ஓட்டம்தான் ஆகாது. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பாலும் புகையோடு வெளியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, எரியாத பெட்ரோலோடும் கரியோடும் உள்ளே இறங்கி எண்ணெயில் கலக்கும். கால் மணி, அரை மணி நேரம் சாலையில் நன்றாக ஓடினால் எண்ணெய் சூடேறி, அந்த ஈரம் ஆவியாகிவிடும். 5 நிமிஷத்தில் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினால்? ஈரம் உள்ளேயே தங்கும். நாள்பட நாள்பட எண்ணெய் புளித்து, திரண்டு, கருப்பட்டிப் பாகு போல ஒட்டிக் கொள்ளும். பலகாரம் சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் சட்டி ஓரத்தில் பிசுபிசுவென்று படியுமே, அந்த ஜாதிதான். வண்டியோடு வரும் புத்தகத்தில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது எண்ணெய் மாற்று என்று போட்டிருப்பது இதற்காகத்தான். மாதக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

அவளுக்கு விஷயம் தெரிந்தது சிவப்பு விளக்கால். ஸ்டியரிங்குக்கு முன்னால் கிண்டி மாதிரி, மூக்கில் ஒரு சொட்டோடு ஒரு படம் எரியும் பாருங்கள், அது. சிக்னலில் நிற்கும்போது மினுக்கும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அணைந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தேக்கடி போவதாக இருந்தாள். லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறும்போது, வளைவில், 2 குழந்தைகளை வைத்துக்கொண்டு எஞ்சின் இறுகி நின்றால் என்ன ஆகும்? "பஸ்ஸிலே போ, இல்லாட்டி போகவே வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அந்த விளக்கு ஓடும்போது எரிந்தால் வீடு போய்ச் சேரலாம் என்று பார்க்கக் கூடாது. ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். எண்ணெய் அழுத்தம் இல்லாமல் ஓடினால் சில நிமிஷங்களிலேயே பேரிங் போய்விடும்.

அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் எண்ணெய் சரியாகவே இருந்தது. பிறகு ஏன் விளக்கு? நம் பக்கத்துக் கிணற்று மோட்டாரை நினைத்துக் கொள்ளுங்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ஃபுட்வால்வில் பாசி அடைத்திருக்கிறது. எஞ்சினின் அடித்தொட்டியிலும் அப்படி ஒரு சல்லடை உண்டு.

பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் சுலபமான வழி சொன்னார்: "மண்ணெண்ணெயை ஊத்தி 10 நிமிஷம் ஓட விட்டு வடிச்சிரலாம்மா." ஊர் ஊராக நடக்கிற வைத்தியம்தான், சிலர் டீசலை ஊற்றுவார்கள். கசடு இவ்வளவு முற்றிய எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது என்பது என் அபிப்பிராயம். மண்ணெண்ணெய் கலந்த எண்ணெய் நீர்த்துப் போய், பேரிங்குக்கு மேல் படலமாக நிற்காது. அதோடு, பெயர்ந்து விழுகிற கட்டி எங்கே போகும்? நேராக அந்தச் சல்லடைக்குத்தான். பாதி அடைப்பு முழு அடைப்பாகும். டப்பாவில் 'ஃப்ளஷ்' என்று விற்பதற்கும் இதே பேச்சுதான். லேசான படிவுக்குச் சரி, முற்றியதற்கு ஆகாது.

தேனியில் ஒரு வயதான மெக்கானிக், பாவம், பொறுமைசாலி, கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்றார். வண்டியைக் கட்டி இழுத்துக் கொண்டு போனோம். மேலே டேப்பட் கவரைத் திறந்தால் ஒரே கறுப்புக் களி! அடித்தொட்டியை இறக்கினால் சல்லடையில் விரல் நுனி அளவுதான் கண் தெரிந்தது. கவரையும் தொட்டியையும் சல்லடையையும் தனியே எடுத்துக் கழுவினார் (வெளியே வைத்துக் கழுவ மண்ணெண்ணெய் தாராளமாக ஆகும்). உள்ளே இருந்ததை மரச்சீவலால் சுரண்டி, நூல் பிரியாத துணியால் துடைத்தார். எண்ணெய் கீழே திரும்புகிற துவாரங்களைக் குத்தி விட்டார். எஞ்சின் மூச்சு விடுகிற ரப்பர் குழாயும் அடைத்திருந்தது, அதையும் மாற்றினார். அது அடைந்தால் ஈரம் வெளியேற வழியில்லை. புது கேஸ்கட், புது ஃபில்டர், புத்தகத்தில் போட்ட ரக எண்ணெய். 500 கிலோமீட்டரில் ஒரு தரம், அதற்குப் பின் 1,000-த்தில் ஒரு தரம், ஃபில்டரோடு மாற்றச் சொன்னார். மிச்சக் கசடு அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரட்டும் என்று. கடைசியில் மீட்டர் வைத்து அழுத்தமும் பார்த்தார். நல்லவேளை, பேரிங் பிழைத்திருந்தது. அழுத்தம் ஏறவில்லையென்றால் எஞ்சினையே பிரித்து வேலை பார்த்திருக்க வேண்டும். டப்பட் சத்தம் மட்டும் இன்னும் லேசாகக் கேட்கிறது.

பழைய வண்டி என்பதால் வந்த வியாதி என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் டொயோட்டா கம்பெனி 1997 முதல் 2002 வரை வந்த சில எஞ்சின்களில் இதே கசடுப் புகார் கிளம்பி, 2002-ல் சுமார் 33 லட்சம் வண்டிகளுக்குப் பழுதுபார்ப்பு உதவி அறிவித்தது.

நீங்கள் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எஞ்சின் ஆறியபின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி, அடியில் பாருங்கள். தேன் நிறமோ, மெல்லிய கறுப்போ சரி. கெட்டியான களி என்றால் ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். பால்காப்பி நுரை போல இருந்தால் ஈரம். கூடவே ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் தாமதிக்காதீர்கள், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வாரத்தில் ஒரு நாள் அவளைத் தேனி வரை ஓட்டி வரச் சொல்லியிருக்கிறேன். வாசலில் நிறுத்தி ஓட விடுவது இதற்கு ஈடாகாது. அதுவும் மூடிய கொட்டகையில் ஓட விட்டால், அந்தப் புகை குழந்தைகளுக்கு உயிர் ஆபத்து.

வடித்த கறுப்பு எண்ணெயை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். மாட்டுப் புண்ணுக்கும், சிரங்குக்கும் தடவுகிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதில் புற்றுநோய் வரவழைக்கும் பொருள்கள் உண்டு, கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டிய சமாச்சாரம். சாக்கடையில் ஊற்றினால் முல்லைப் பெரியாற்றுக்குப் போகும். பழைய எண்ணெயைச் சேர்த்து வாங்கிப் போகிறவர்களிடம் கொடுக்க ஒர்க்‌ஷாப்பில் பீப்பாய் வைத்திருப்பார்கள், அதிலேயே ஊற்றிவிட்டு வாருங்கள்.