பனியில் ஒரு கூரை

மார்கழிப் பனியைத் தவிர வேறு பனியறியாதவன் நான். புல் நுனியை நனைத்துவிட்டு, வெயில் வந்ததும் ஓடி மறைகிற பனி அது. அப்படிப்பட்ட நான், வீடுகளையே புதைக்கிற பனியைப் பற்றியும், அதில் நின்று பழைய கட்டிடங்களைப் படமெடுப்போரைப் பற்றியும் கருத்துச் சொல்ல வருவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரு நாட்காட்டி.

மளிகைக் கடையில் கொடுத்த அந்த நாட்காட்டியின் ஜனவரித் தாளில் ஜப்பான் நாட்டு ஷிரகாவா கிராமத்தின் படம் இருந்தது. வெண்பனிக்கு நடுவே உயர்ந்த புற்கூரை வீடுகள். ஜன்னல்களில் மஞ்சள் விளக்கொளி. ஆள் ஒருவர்கூட இல்லை. 'என்ன அழகு!' என்று நான் நாள்தோறும் வியந்தேன். என் தந்தையார் பள்ளிக்கூடம் போகாதவர். கீற்று வேய்வது அவர் தொழில். ஒருநாள் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "எவ்வளவு செங்குத்தா நிக்குது பாருப்பா! இதுல எப்படி ஏறி வேயறாங்க? எத்தனை ஆளு வேணும்?" என்று கேட்டார். ஒரு மாதமாகப் பார்த்தும் என் மனத்தில் எழாத கேள்வி அது. விடை தேடி நூலகத்துக்குப் போனேன்.

இவ்வீடுகளுக்குக் 'கஸ்ஷோ' வீடுகள் என்று பெயர். கும்பிடும் கைகளைப் போன்ற கூரை என்பது பொருள். ஏறத்தாழ 60 பாகைச் சரிவு. அவ்வளவு சரிவாக இருந்தால்தான் பனி தங்காமல் வழுக்கி விழும். கூரையின் இரு பக்கங்களும் கிழக்கையும் மேற்கையும் நோக்கியிருப்பதால் இரு புறமும் வெயில் பட்டுப் பனி உருகும். கூரைச் சட்டத்தில் ஆணி இல்லை. கயிற்றாலும் முறுக்கிய இளங்கொம்புகளாலும் கட்டியிருக்கிறார்கள். பரணில் பட்டுப்புழு வளர்த்தார்கள். தரைக்கடியில் மண்ணோடு புழுவின் எச்சத்தையும் செடிகொடிகளையும் மக்கவைத்து, சாம்பல் சேர்த்து வெடியுப்பு எடுத்தார்கள். நாம் ஆய்வுக்கூடத்தில் சீசாவிலிருந்து எடுக்கும் பொட்டாசியம் நைட்ரேட்டை அவர்கள் அடுப்பங்கரைக்குக் கீழே விளைவித்தார்கள் என்றறிந்தபோது, வேதியியல் மாணவனான எனக்கு வியப்பு அடங்கவில்லை.

தந்தையாரின் கேள்விக்கும் விடை கிடைத்தது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரையை மாற்றியாக வேண்டும். ஒரு பக்கத்துக் கூரையை மாற்றவே நூறு முதல் இருநூறு பேர் கூடுவார்கள். 'யுயி' என்னும் முறைப்படி இன்று உன் வீடு, நாளை என் வீடு என்று ஊரே கூலியின்றி உழைக்கும். இன்று பல கூரைகளைத் தொழில்முறை வேய்வோர் வேய்ந்தாலும் அந்தக் கூட்டுழைப்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1961இல் கட்டி முடிக்கப்பட்ட மிபோரோ அணையால் அப்பள்ளத்தாக்கின் சில குடியிருப்புகள் நீரில் மூழ்கின. எஞ்சிய வீடுகளும் குறைந்துவரக் கண்ட ஓகிமாச்சி மக்கள் 1971இல் ஒரு சங்கம் அமைத்து, வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று உறுதி பூண்டனர். 1995இல் யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இத்தனையும் அந்தப் படத்தில் எங்கே? பனி எல்லாவற்றையும் மூடிவிட்டது. பனி மூடியதைவிடப் படமெடுத்தவரின் கண் மூடியதுதான் அதிகம் என்பேன்.

பனியில் படமெடுப்பது எளிதன்று என்பதை நான் மறுக்கவில்லை. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பியனுப்புகிறது. காமிராவின் ஒளிமானியோ எதைக் கண்டாலும் நடுச்சாம்பல் நிறம் என்றே கணக்கிடுகிறது. அதன் பேச்சை அப்படியே கேட்டால் வெண்பனி சாம்பலாகிவிடும். ஒளியை இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ கூட்டிக் கொடுத்தால்தான் வெள்ளை வெள்ளையாக விழும். கருவி தரும் கணக்கை மனிதன் திருத்த வேண்டிய இடம் அது. நான் கேட்பதெல்லாம் இதுதான்: ஒளியின் கணக்கைத் திருத்தத் தெரிந்தவர், ஆளில்லாத ஊர் என்ற பொய்க் கணக்கையும் திருத்தக் கூடாதா? வாசற்பனியை அள்ளும் கிழவரும், கூரைமேல் வரிசையாய் நிற்கும் ஊராரும் படத்துக்குள் வந்தால் அழகு குன்றிவிடுமா?

"அழகான படங்களைப் பார்த்துத்தானே உலகம் அவ்வூருக்கு வருகிறது? அந்த வருவாய்தானே கூரையைக் காக்கிறது?" என்று நண்பரொருவர் வாதிட்டார். அவர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் குளிர்கால விளக்கலங்காரத்தைக் காணக் கூட்டம் அளவு மீறிப் பெருகியதால், 2019 முதல் முன்பதிவு செய்தவர்களை மட்டுமே அந்த மாலைகளில் அனுமதிக்க வேண்டிவந்தது. குடியிருப்போரைக் காட்டாத படத்தைப் பார்த்து வருபவர், அதைக் காட்சிச்சாலை என்றெண்ணி அடுத்தவர் வாசலில் நிற்பதில் வியப்பென்ன?

இந்தக் கட்டுரை பிறரைக் குறை கூறுவதோடு நின்றால் அது நேர்மையாகாது. நாங்களும் கூரை வீட்டில்தான் இருந்தோம். இரண்டாண்டுகளுக்கு முன் அதைப் பிரித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டினோம். அன்று என் கையில் கைபேசி இருந்தது. புதுவீட்டைப் பல கோணங்களில் எடுத்தேன். பழைய வீட்டை ஒரு படமும் எடுக்கவில்லை. கல்லூரி நண்பர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கம். தந்தையார் முகட்டில் அமர்ந்து கீற்றுக் கட்டிய காட்சி இன்று என் நினைவில் மட்டுமே இருக்கிறது. கடல் கடந்த புற்கூரையை அழகென்று வியந்தவன், தலைமேல் இருந்த கூரையைக் கண்டு கூசினேன். அங்கே மனிதரை மூடியது பனி. இங்கே மூடியது என் கூச்சம்.

கீற்றுக் கூரை ஒழுகும், தீப்பிடிக்கும். அதிலேயே இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை வேய்ந்த கை பதிவாகாமல் போகக் கூடாது என்றே சொல்கிறேன்.

மாணவ நண்பர்களே! உங்களில் யாரேனும் நாளை பனி பொழியும் நாடுகளுக்குப் படிக்கப் போகலாம். அங்கே பழைய கட்டிடமொன்றைப் படமெடுக்குமுன், 'இதன்மேல் ஏறியவர் யார்?' என்று ஒரு முறை கேளுங்கள். அதற்கு முன்பே, வரும் விடுமுறையில் ஊருக்குப் போனதும், உங்கள் வீட்டை எடுங்கள். கட்டியவரையும் அதன் முன்னே நிற்கச் சொல்லுங்கள்.

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்)