ஆச்சாரியாரும் நாயக்கரும்

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், பெரியாரும் ராஜாஜியும் அருகருகே இருக்கும் பழைய படம் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிடும். ராஜாஜி மறைந்தது 1972 டிசம்பர் 25. அடுத்த ஆண்டு டிசம்பர் 24-ல் பெரியார். படத்துக்குக் கீழே தவறாமல் ஒரு பாராட்டு இருக்கும்: அந்தக் கால அரசியல் நாகரிகம்! எனக்கு இதில் உடன்பாடில்லை. எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வருவதும் நாகரிகம்தான். இவர்களுக்குள் இருந்தது அதைவிடக் கரடுமுரடானது.

1910-களின் கடைசியில் சேலம் நகராட்சித் தலைவர் 'ஆச்சாரியார்' ராஜாஜி. ஈரோடு நகராட்சித் தலைவர் 'நாயக்கர்' ஈ.வெ.ரா., பின்னாளின் பெரியார். ஒருவர் வைணவப் பிராமண வக்கீல், மற்றவர் மண்டி வியாபாரி. 1919-ல் ஈ.வெ.ரா. பதவிகளை உதறிவிட்டுக் காங்கிரசுக்கு வந்ததில் ராஜாஜியின் வற்புறுத்தலுக்குப் பெரும் பங்கு உண்டு. கள்ளுக்கடை மறியல் நாட்களில் சொந்தத் தோப்பின் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தவர் ஈ.வெ.ரா. 1937-ல் ஆட்சிக்கு வந்த கையோடு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் ராஜாஜி. ஆனால் அதற்குள் இருவரின் பாதையும் பிரிந்துவிட்டிருந்தது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரம் புகைந்துகொண்டிருக்க, 1925 காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்கவில்லை. ஈ.வெ.ரா. வெளியேறினார். ஆக, இருவரும் ஒரே கட்சியில் இருந்தது ஏறக்குறைய ஆறு ஆண்டுகள்தான். எதிரெதிர் அணியில் இருந்தது நாற்பத்தேழு ஆண்டுகள்.

அந்த நாற்பத்தேழு ஆண்டுகளில் ஒருவர்மீது ஒருவர் தயவு காட்டியதாகச் சொல்ல முடியாது. 1938-ல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது; எதிர்த்த பெரியாரைச் சிறைக்கு அனுப்பியது. 1953-ல் முதல்வராக அவர் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தபோது, அதைக் குலக்கல்வி என்று ஊர் ஊராகச் சொல்லி எதிர்த்தவர் பெரியார். அடுத்த ஆண்டே ராஜாஜி பதவி விலகினார். ராமனைப் பற்றி ஒருவர் 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதிய அதே ஐம்பதுகளில் மற்றவர் ராமன் படத்தை எரிக்கும் போராட்டம் நடத்திக் கைதானார். தேர்தல்களில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1967-ல் ராஜாஜி தி.மு.க.வோடு, பெரியார் காங்கிரசின் காமராசரோடு. 1971-ல் ராஜாஜி காமராசரோடு, பெரியார் தி.மு.க.வோடு! கூட்டாளிகளைக்கூட மாற்றிக்கொண்டார்கள், ஒரே பக்கம் மட்டும் நிற்கவில்லை.

இத்தனைக்கும் நடுவே நீடித்த நட்பை நெகிழ்ந்து பாராட்டும் முன் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் உயிரிழந்தார்கள். தலைவர்கள் சண்டைக்குப் பின்னும் நண்பர்களாக இருக்கலாம். விலை கொடுப்பது பெரும்பாலும் தொண்டன்தான். 'எங்களை அடிபட விட்டுவிட்டு இவர்கள் மட்டும் சிநேகிதமா?' என்று ஒரு தொண்டன் கேட்டால் அது நியாயமான கேள்வியே.

அந்தக் கேள்வி 1949-ல் உரக்கவே எழுந்தது. ராஜாஜி அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரல். மே மாதம் திருவண்ணாமலைக்கு வந்திருந்த அவரைப் பெரியார் தனியாகச் சந்தித்துப் பேசினார். என்ன பேசினார்கள்? பெரியாரின் திராவிடர் கழகத்தில் ஒரே குழப்பம். கழகத்தின் முன்னணித் தலைவரான அண்ணா வெளிப்படையாகக் கேட்டும், சொந்த விஷயம் என்பதைத் தாண்டிப் பெரியார் வாய் திறக்கவில்லை. ஜூலையில், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த பெரியார், தம்மைவிட மிகவும் இளையவரான கழகத் தொண்டர் மணியம்மையை மணந்தார். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று ஊரே தீர்மானித்துவிட்டது: கழகத்தைக் கெடுக்க ஆச்சாரியார் சொன்ன யோசனை இது! செப்டம்பர் 17-ல், அண்ணாவோடு பிரிந்தவர்களின் கட்சியாகத் தி.மு.க. பிறந்தது. பிரிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், 'ஆச்சாரியார் சூழ்ச்சி' என்ற பேச்சு அதன் பிறகும் ஓயவில்லை.

உண்மை நேர்மாறானது. ராஜாஜி அந்தத் திருமண யோசனையை ஆதரிக்கவில்லை. வேண்டாம் என்ற பொருளில் பெரியாருக்குக் கடிதமே எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டியிருந்தால் பெரியார் நண்பர்மீது விழுந்த பழியைத் துடைத்திருக்கலாம். ஆனால் ஆச்சாரியாரே தடுத்தும் கேட்கவில்லையா என்று கட்சிக்காரர்கள் தன்னையே பிடித்துக்கொள்வார்கள். ராஜாஜி நினைத்திருந்தால் ஒரே ஓர் அறிக்கையில் தன்னை விடுவித்துக்கொண்டு எதிரியின் கட்சியையும் உடைத்திருக்கலாம். அவர் கையில் இருந்தது சாதாரண ஆயுதம் அல்ல. அவர் அதைத் தொடவே இல்லை. தனிப்பட்ட முறையில் கேட்கப்பட்டதற்குத் தனிப்பட்ட முறையில் சொன்ன பதில், அத்தோடு சரி என்று இருந்துவிட்டார். செய்யாத காரியத்துக்கான பழியை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமந்தார்.

கட்சித் தலைவராகப் பெரியாரின் மௌனம் தவறு என்றே நினைக்கிறேன். தம்மை நம்பி வந்தவர்களுக்கு அவர் இன்னும் கொஞ்சம் பதில் சொல்லியிருக்க வேண்டும். ராஜாஜியின் மௌனத்தில் மட்டும் என்னால் குறை காண முடியவில்லை. நாற்பத்தேழு ஆண்டுப் பகையில் ஒரு நாள்கூட அவர் நண்பரின் நம்பிக்கையை விலைபேசவில்லை. கொள்கைக்காக நண்பரைச் சிறைக்கு அனுப்பத் தயங்காத அதே மனிதர், அரசியல் லாபத்துக்காக அவருடைய கடிதப் போக்குவரத்தைச் சந்தைக்குக் கொண்டுவரச் சம்மதிக்கவில்லை.

ராஜாஜியின் இறுதிச் சடங்குக்குத் தொண்ணூற்று மூன்று வயதில் சக்கர நாற்காலியில் வந்தார் பெரியார். மயானத்தில், எல்லோரும் பார்க்க, அழுதார். அதைப் பார்த்து வியந்தவர்களில் பலருக்கு 1949-ன் முழுக்கதை அப்போதும் தெரியாது. ராஜாஜியின் கடிதம் பொதுவெளிக்கு வந்தது பெரியாரும் போன பிறகுதான். திருவண்ணாமலையில் என்ன பேசினீர்கள் என்று கேட்ட அண்ணா 1969-லேயே மறைந்துவிட்டிருந்தார்.