மலைக்கு மருத்துவர் மலையிலிருந்தே வரட்டும்

ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் ஆரம்ப சுகாதார நிலையக் கட்டடங்கள் இருக்கின்றன. நியமன ஆணையோடு வரும் மருத்துவர் எவ்வளவு காலம் தங்குகிறார் என்பதில்தான் சிக்கல். புகார் எழும்போதெல்லாம் கட்டாயப் பணி ஒப்பந்தத்தை இறுக்கு, அபராதத்தைக் கூட்டு என்கிறார்கள். வசதியுள்ளவர் பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுவார். இல்லாதவர் இடமாறுதல் கலந்தாய்வுக்கு நாள் எண்ணுவார்.

தமிழ்நாட்டில் இளம் மருத்துவர்களைக் கிராமத்துக்கு இழுத்தது தண்டனையல்ல, பட்ட மேற்படிப்பில் அரசு மருத்துவர்களுக்கு இருந்த 50 சதவீத ஒதுக்கீடுதான். 2017இல் அது பறிபோய், தொலைதூரப் பணிக்கான ஊக்க மதிப்பெண் மட்டும் மிஞ்சியது. ஒதுக்கீடு வழங்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அந்த உரிமையை எக்காரணம் கொண்டும் விட்டுவிடக் கூடாது. ஆனால் அது மட்டும் போதாது. மேற்படிப்பு முடித்தவருக்கு மலைக்குத் திரும்பக் காரணம் ஏதுமில்லை. அதனால் சிக்கலான பிரசவம் என்றால் இன்றும் 108 வண்டியில் ஏற்றிக் கீழே அனுப்ப வேண்டியிருக்கிறது.

இதே சிக்கலுக்குத் தீர்வாக ஜப்பான் 1972இலேயே ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவர்களை எடுத்துக் கல்விக் கட்டணத்தைக் கடனாகத் தருகிறார்கள். படித்த ஆறு ஆண்டுகளுக்கு ஈடாக ஒன்பது ஆண்டுகள் சொந்த மாகாணத்தில் பணியாற்றினால் கடன் தள்ளுபடி.

இங்கும் அது முடியும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேருவோரின் கட்டணத்தை 2020 முதல் அரசே ஏற்கிறது. அதில் கைவைக்காமல், சொந்த மலையில் பணியாற்றும் நிபந்தனையோடு மலைப்பகுதி மாணவர்களுக்கெனத் தனி இடங்கள் வேண்டும். சட்டம் குறுக்கே நிற்குமா? அன்றைய சென்னை மாநிலத்தின் மாவட்டவாரி மருத்துவ இட ஒதுக்கீட்டை 1968இல் ரத்து செய்த அதே உச்ச நீதிமன்றம், 1974இல் உத்தரப் பிரதேசத்தின் மலைப்பகுதி ஒதுக்கீட்டை ஏற்றது. நியாயமான காரணத்தோடு சட்டம் இயற்றினால் வழி இருக்கிறது.

ஏழைப் பிள்ளைக்கு மட்டும் விலங்கா என்று கேட்பார்கள். சரியான கேள்விதான். ஆகவே இதைக் கட்டாயமாக்கக் கூடாது. விரும்பிச் சேருவோருக்கு, குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றியதும் மகப்பேறு, மயக்கவியல், குழந்தை மருத்துவம் ஆகிய மேற்படிப்புகளில் இடம் உறுதி என்று அரசு எழுதித் தர வேண்டும். படித்துத் திரும்புபவருக்குக் கூரை ஒழுகாத குடியிருப்பும், அரசுப் பணியில் உள்ள துணைவருக்கு அருகிலேயே பணியிடமும் அந்த ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே இதற்கான மசோதாவைக் கொண்டுவரலாம்.