கால் ஊன்றினால் ஒரு பாயிண்ட்

"டிரையல் பைக்" என்று ஆபீஸில் பேச்செடுத்தால், ஷோரூமில் ஓட்டிப் பார்க்கத் தரும் வண்டி என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். சட்டப் பிரிவில் இருக்கும் நண்பர் ஒருபடி மேலே போய், "எந்தக் கோர்ட்டுல கேஸ்?" என்று கேட்டார். இரண்டும் இல்லை சாமி. வேகத்துக்கு மரியாதையே இல்லாத ஒரு பைக் போட்டிக்கு அந்தப் பெயர்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பாறை, ஓடை, மரவேர், சேறு, மேடு என்று ஒரு குறுகிய வழியை எல்லை போட்டுக் குறித்து வைத்திருப்பார்கள். அதற்கு செக்‌ஷன் என்று பெயர். முதலில் நடந்து பார்த்துவிட்டு, பிறகு வண்டியில் கடக்க வேண்டும். காலைத் தரையில் ஒரு முறை ஊன்றினால் 1 பாயிண்ட், இரண்டு முறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. இங்கே பாயிண்ட் என்பது அபராதம். குறைவாக வாங்கியவர்தான் ஜெயித்தவர்.

ஸ்காட்லாந்தில் ஆறு நாள் டிரையல் 1909ல் தொடங்கியது. நம்ம ஊர் சம்பந்தமும் இதில் உண்டு. 1952லும் 1957லும் அந்தப் போட்டியை ஜானி பிரிட்டன் ஜெயித்தது ராயல் என்ஃபீல்ட் 350 புல்லட்டில். திருவொற்றியூர் தொழிற்சாலையில் இருந்து நமக்கு வந்ததும் அதே புல்லட் குடும்பம்தான். இன்றைய டிரையல் வண்டியைப் பார்த்தால் சீட்டே இருக்காது. எடை 70 கிலோ அளவுதான். ஸ்பெயின்காரர் டோனி போ 2007ல் இருந்து 2024 வரை, 18 வருடமும் உள்ளரங்கு, வெளியரங்கு இரண்டிலும் உலக சாம்பியன். யூடியூபில் தேடிப் பாருங்கள். தலை சுற்றும்.

சரி, பி.காம் படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் சீட்டுக்கு இரண்டு விதமான ஃபைல் வரும். ஒன்று டூ வீலர் லோன். அப்பா விண்ணப்பம் போடுவார், பக்கத்தில் பையன் கால் தரையில் பாவாமல் நின்றுகொண்டிருப்பான். இன்னொன்று டெத் கிளெய்ம். கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டால் நாமினி வந்து பணம் கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பம். கணக்குக்காரருக்கு வயது 19, 20 என்றும், நாமினி என்ற இடத்தில் அம்மா பெயரும் இருக்கும் ஃபைல்கள் அதில் வருகின்றன. அந்த அம்மாவிடம் "இங்கே ஒரு கையெழுத்து" என்று சொல்வது எங்கள் வேலையிலேயே கஷ்டமான வேலை. மத்திய அரசின் கணக்குப்படி 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள்.

நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓடி வர மாமா இல்லை, சித்தப்பா இல்லை. பக்கத்து ஃப்ளாட்காரர்தான்.

அதனால் என் கருத்து இது. பையனோ பெண்ணோ 18 முடித்துப் பைக் கேட்டால் உடனே "முடியாது" என்று சொல்லாதீர்கள். உடனே ஷோரூமுக்கும் போகாதீர்கள். நடுவில் மூன்று மாதம், ஒரு பழைய 100 சிசி வண்டியில் மெதுவாக ஓட்டவும், அந்த வண்டியைத் தானே பார்த்துக்கொள்ளவும் கற்றுக்கொள்ளட்டும். வேகமாக ஓட்ட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வலது கையை முறுக்கினால் போதும். நடக்கும் வேகத்தில் வண்டியை நேராகக் கொண்டுபோவதற்குத்தான் கிளட்ச், ஆக்ஸிலேட்டர், பின் பிரேக், கண் எல்லாம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். டிராஃபிக்கில் உயிரைக் காப்பாற்றுவதும் இதே நான்குதான்.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் பக்கம் எங்கள் சொசைட்டிக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் உண்டு. கமிட்டியிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, நான்கைந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலை இதை நடத்துகிறோம். வண்டி, கைமாறி வந்த ஒரு பழைய ஸ்ப்ளெண்டர். செங்கல், மணல் மேடு, பழைய டயர் இவைதான் பாறையும் ஓடையும். ஹெல்மெட் இல்லாமல் யாரும் கிட்டே வரக்கூடாது. லைசென்ஸ் அல்லது எல்.எல்.ஆர். கட்டாயம்.

முதல் மூன்று ஞாயிறு யாரும் ஓட்டவே இல்லை. பராமரிப்பு மட்டும்தான். பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் மெதுவாக ஓட்டும்போது வண்டிக்கு வரும் சீக்கு வேறு. ஹைவேயில் தெரியாத குறையெல்லாம் முதல் கியரில் பல்லை இளிக்கும். நாங்கள் பார்ப்பவை இவை:

கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லாவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கித் தேயும். அதிகம் ஆடினால் லீவரை முழுதாக அழுத்தியும் வண்டி இழுக்கும்.

எஞ்சின் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று போட்டிருக்க வேண்டும். வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று கார் ஆயிலை ஊற்றினால், அதில் உள்ள வழுக்கும் சேர்மானம் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும் பைக் கிளட்ச்சுக்கு ஆகாது.

ஆக்ஸிலேட்டர் கேபிள், ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் இழுபடக் கூடாது. திருப்பும்போது ஐடிலிங் ஏறினால் கேபிள் போகும் வழி தப்பு.

செயின் இறுக்கமாக இருந்தால் முதல் கியரில் வண்டி கனத்துப் போகும், தொங்கினால் குதித்துக் குதித்துப் போகும். எவ்வளவு தொய்வு வேண்டும் என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தைப் படிக்கலாம், தப்பில்லை.

காற்றால் குளிரும் எஞ்சினுக்கு வண்டி ஓடினால்தான் காற்று. அதனால் பத்து நிமிடம் ஓட்டினால் பத்து நிமிடம் ஓய்வு. அசல் டிரையல் வண்டிகளில் ரேடியேட்டரும் ஃபேனும் இருப்பது இதற்காகத்தான். அங்கே ஃபேன் சுற்றாவிட்டால் செக்‌ஷனுக்கு உள்ளேயே போக மாட்டார்கள்.

ஒரு ஞாயிறு வண்டி பத்து நிமிடம் ஓடும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகும், திரும்ப நிற்கும். தெருமுனை மெக்கானிக் தாதா (இங்கே தாதா என்றால் அண்ணன், பயப்படாதீர்கள்) கார்புரேட்டரையே மாற்றச் சொல்லிவிட்டார். பையன்களிடம் சொன்னேன்: "கை வைக்கிறதுக்கு முன்னாடி வரிசையாப் பாருங்கடா. கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா, காத்து வருதா." பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள், நெருப்புப் பொறி நன்றாக இருந்தது. நின்றுபோன கையோடு கார்புரேட்டரின் வடிகால் திருகைத் திறந்தார்கள், பெட்ரோல் சொட்டவில்லை. ஆனால் டேங்கில் பாதிக்கு மேல் இருந்தது. ஒருத்தன் டேங்க் மூடியைத் திறந்தான். "உஸ்ஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தது. அங்கிள், வந்துருச்சு, வந்துருச்சு என்று ஒரே கூச்சல். மூடியில் உள்ள காற்றுத் துளையில் மண் அடைத்திருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடமாகி, கடைசியில் இறங்குவதே நின்றுவிட்டது. ஒரு ஊசியும் கொஞ்சம் பொறுமையும், செலவு பூஜ்யம். அந்தப் பையன் இனி எந்த வண்டியில் எந்தச் சத்தம் கேட்டாலும் நின்று கவனிப்பான். அதைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

இப்போது சண்டைக்கு வருவோம். சண்டை பிள்ளைகளுக்குள் இல்லை, பெரியவர்களுக்குள்!

டிரையல் உலகத்தில் ரொம்ப நாளாக ஓயாத வழக்கு ஒன்று உண்டு. செக்‌ஷனுக்குள் வண்டி நிற்கலாமா, கூடாதா? நிற்கலாம் என்றால் கால் ஊன்றாமல் அப்படியே சமன்செய்து நின்று, வண்டியைத் துள்ள வைத்துத் திருப்பி, யோசித்து ஏறலாம். கூடாது என்றால் நின்ற கணமே 5 பாயிண்ட். 2013ல் உலக சாம்பியன்ஷிப்பில் நிற்கக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தபோது பெரிய சர்ச்சையே நடந்தது. ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டி நிற்கக் கூடாது கட்சி. பிரிட்டனின் விதிப் புத்தகம் இரண்டு முறைகளையும் வைத்துக்கொண்டு, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்கிறது.

எங்கள் மைதானத்தில் நிற்கக் கூடாது கட்சிக்குத் தலைவர் ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆன திருநெல்வேலி அண்ணாச்சி. "நிக்கக் கூடாதுன்னா நிக்கக் கூடாது. நின்னு துள்ளிக் குதிக்கதுக்கு நாம என்ன சர்க்கஸா நடத்துதோம்?" என்பார். எதிர்க்கட்சி, இங்கே கார் தொழிற்சாலையில் இருக்கும் கோயம்புத்தூர் இன்ஜினியர். "ஏனுங்க அண்ணாச்சி, பையன் நின்னானா நிக்கலையான்னு எதைப் பார்த்துங்க சொல்றது? கண்ணு சிமிட்டற நேரந்தானுங்க அது."

அண்ணாச்சி பக்கமும் நியாயம் இருக்கிறது. நிற்கலாம் என்று விட்டால் துள்ளுகிறவனுக்கே வசதி. செக்‌ஷனை அவனுக்காகக் கடினமாக்குவார்கள். நாற்பது ஐம்பது வயதுக்காரர்களும் பழைய வண்டிக்காரர்களும் மெல்லக் கழன்றுகொள்வார்கள். விதி வண்டியையும் பாதிக்கும். நின்று துள்ளும் ஓட்டத்தில் எஞ்சினை முறுக்கி கிளட்ச்சைப் படக்கென்று விட வேண்டும், கிளட்ச்தான் அடி வாங்கும். நிற்காமல் ஊர்ந்தால் கிளட்ச்சுக்கு அவ்வளவு அடி இல்லை. ஐடிலிங் சீராக இருப்பதும், கார்புரேட்டரின் சின்ன ஜெட் சுத்தமாக இருப்பதும், பிளக்கில் கரி பிடிக்காததும்தான் முக்கியம். சாதாரண ஆளின் பர்ஸுக்கு ஏற்றது இதுதான்.

இருந்தாலும் என் ஓட்டு கோயம்புத்தூருக்கு.

முதல் காரணம், பேங்க் புத்தி. அளக்க முடியாத விதியை அமல்படுத்தினால் ஆள் பார்த்துத்தான் அமலாகும். கிளைக்கு ஆடிட்டர் வந்தால் கேட்பது "இந்த வரம்பு எங்கே எழுதியிருக்கு?" என்றுதான். கால் தரையில் பட்டதா என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். வண்டி நின்றதா, ஊர்ந்ததா என்பது பார்க்கிறவர் மனசைப் பொறுத்தது. தன் மகனுக்கு ஊர்ந்ததாகவும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நின்றதாகவும் தெரியும். மனித இயல்பு.

இரண்டாவது, நம் ஊரிலேயே இதற்குத் தீர்ப்பு இருக்கிறது. பொங்கல் விழாவில் ஸ்லோ சைக்கிள் ரேஸ் பார்த்திருப்பீர்கள். கடைசியில் வருகிறவனுக்குப் பரிசு. கால் ஊன்றினால் அவுட், கோட்டைத் தாண்டினால் அவுட். ஹேண்டிலை ஆட்டிக்கொண்டே ஒரு நொடி நின்றவனுக்குக் கைதட்டல்தான் கிடைக்கும். படித்த நடுவர் யாரும் தேவைப்படாத விதி அது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இந்தப் பிள்ளைகள் ஸ்காட்லாந்துக்குப் போகப் போவதில்லை, திங்கட்கிழமை மும்பை-புனே சாலையில் ஏறப் போகிறார்கள். ரோட்டில் சந்தேகம் வந்தால் நிற்க வேண்டும். நின்று யோசித்தவனுக்கு அபராதம் என்று நாமே மைதானத்தில் பழக்கக் கூடாது. துள்ளுவார்களே என்ற பயமும் இங்கே செல்லாது. 110 கிலோ ஸ்ப்ளெண்டரைத் துள்ள வைக்க டோனி போதான் வர வேண்டும்!

அதனால் இப்போது எங்கள் மைதானத்தில் விதி இதுதான். நிற்கலாம், கால் ஊன்றினால் பாயிண்ட், ஒரு செக்‌ஷனுக்கு 90 விநாடி. அண்ணாச்சி கையில் ஸ்டாப் வாட்சைக் கொடுத்துவிட்டோம். 91வது விநாடியில் தன் பேரனுக்கே 5 போட்டார் மனிதர். அளக்கக் கூடிய விதிக்கு அதுதான் அழகு.

வீட்டில் பைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை இருந்தால், லோன் ஃபாரம் வாங்க பேங்குக்கு வரும் முன்னால் நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு மைதானம் தேடுங்கள். வாத்தியார் தேவையில்லை. ஒரு பழைய வண்டி, ஸ்பேனர் செட், ஹெல்மெட், ஒரு கறாரான அண்ணாச்சி போதும்.

நிற்கலாமா, கூடாதா, உங்கள் ஓட்டு எந்தப் பக்கம் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள். அண்ணாச்சியிடம் காட்ட வேண்டும்.

பி.கு.: அசல் டிரையல் வண்டியின் பின் டயரில் 4, 5 பி.எஸ்.ஐ. காற்றுதான் வைப்பார்கள். அதைப் படித்துவிட்டு நம் வண்டியில் காற்றை இறக்கிவிடாதீர்கள். அந்த டயரும் ரிம்மும் அதற்கென்றே செய்தவை. நம் டியூப் டயரில் அப்படிச் செய்தால் டயர் ரிம்மில் நழுவி, வால்வு பிய்த்துக்கொண்டு வரும்.