சராசரிக்குள் காணாமல் போகும் ஆயக்கட்டு

காஞ்சிபுரம் வளர்ந்த மாவட்டம் என்கிறது அரசுக் கணக்கு. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி ஆலைகள் வரிசையாக வந்தன. மாவட்டத்தின் மொத்த வருமானத்தை மக்கள் தொகையால் வகுத்தால் வரும் எண் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் குன்றத்தூர் வட்டத்தில் ஏரித் தண்ணீரை நம்பி நவரை நடும் விவசாயியின் வருமானம் அந்த எண்ணில் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் இதைச் சந்தித்திருக்கின்றன. அந்த ஒன்றியம் தன் பொது நிதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பகுதிகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைக் குறைக்க ஒதுக்குகிறது. தனிநபர் வருமானம் ஒன்றியத்தின் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது பின்தங்கிய பகுதி. அதற்கு அதிக நிதி கிடைக்கும். இதற்கு யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. ஏழு ஆண்டுத் திட்டத்தில் விதியாகவே எழுதியிருக்கிறார்கள்.

இந்த விதியிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டைச் சுற்றி வளையம்போல் அமைந்தது பெஸ்ட் மாவட்டம். தலைநகரையும் இதையும் சேர்த்து ஒரே பகுதியாகக் கணக்கிட்டதால், புடாபெஸ்ட்டின் வருமானத்தில் பெஸ்ட்டும் ‘வளர்ந்த பகுதி’ ஆகிவிட்டது. அதற்கு வர வேண்டிய நிதி குறைந்தது. ஹங்கேரி அரசு கேட்டுக்கொண்டதால் 2018 முதல் இரண்டும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. 2021-27 திட்டத்தில் புடாபெஸ்ட் வளர்ந்த பகுதி, பெஸ்ட் பின்தங்கிய பகுதி. போலந்தும் வார்சா நகரை அதன் சுற்றுப்புற மாகாணத்திலிருந்து இதேபோல் பிரித்தது. ஊர் மாறவில்லை, மக்கள் மாறவில்லை. அளக்கும் எல்லை மட்டும்தான் மாறியது.

நம் நிலையை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டின் 2021 தொழில் கொள்கை, மாவட்டங்களை வகைப்படுத்திப் பின்தங்கிய மாவட்டங்களுக்குச் செல்லும் ஆலைகளுக்குக் கூடுதல் சலுகை தருகிறது. அது சரியான கொள்கைதான். ஆனால் அதன் அளவுகோல் மாவட்டம். வளர்ந்த மாவட்டத்துக்குள்ளேயே தேய்ந்துகொண்டிருக்கும் ஆயக்கட்டு அதன் கண்ணில் படாது.

அந்தத் தேய்மானம் எப்படி நடக்கிறது என்பது ஏரிப் பாசன விவசாயிகளுக்குத் தெரியும். மதகுக்கும் கடைமடைக்கும் இடையில் பத்து ஏக்கர் மனையாகிறது. வாய்க்கால் அங்கேயே அறுந்துபோகிறது. அதற்குக் கீழே உள்ள நிலம் விற்கப்படாமல் இருந்தாலும் அதற்குத் தண்ணீர் இல்லை. வரப்பை ஒட்டி மதில் எழும்பியதும் அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்க வழியில்லை. நாற்று நடவும் களை எடுக்கவும் வந்தவர்கள் காலையில் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள். நல்ல கூலி கிடைக்கும் இடத்துக்குப் போவது அவர்கள் உரிமை; குறை சொல்ல முடியாது. ஆனால் சொர்ணவாரியை விட்டவர் அடுத்து நவரையையும் விடுகிறார். தரிசில் சீமைக் கருவேலம் முளைக்கிறது. பக்கத்து வயலுக்கு எலியும் பன்றியும் வருகின்றன. கடைசியில் சம்பாவும் நின்றுவிடுகிறது. நிலம் எடுக்கப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு. இப்படி மெல்ல மெல்லப் பாசனத்தை இழப்பவருக்கு எந்தச் சட்டத்திலும் பெயர் இல்லை.

இது விவசாயிகளின் பிரச்சினை மட்டுமல்ல. மணிமங்கலம், சோமங்கலம் ஏரிகளின் உபரி நீரும் செம்பரம்பாக்கத்தின் உபரி நீரும் அடையாற்றில்தான் சேர்கின்றன. 2015 டிசம்பரில் அந்த ஆறு என்ன செய்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. மழை நீரைச் சில நாள் தாங்கி நிற்பது நெல் வயல். ஆயக்கட்டு அழிந்தால் வாய்க்காலைத் தூர்வார ஆள் இருக்காது. கலங்கலைக் காக்கவும் ஆள் இருக்காது. அடுத்த வெள்ளம் ஆலைக்குள்ளும் வரும்.

என்ன செய்யலாம்? முதலில், அளக்கும் எல்லையை மாற்ற வேண்டும். மாவட்டத்தை விட்டுவிட்டு ஏரி ஆயக்கட்டை அலகாக எடுக்கலாம். இதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. ஃபசலிதோறும் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் எது சாகுபடி, எது தரிசு என்பது சர்வே எண் வாரியாக இருக்கிறது. பதிவு பெற்ற ஆயக்கட்டில் எத்தனை சதவீதம் தொடர்ந்து தரிசாகக் கிடக்கிறது என்று கணக்கிட்டு, ஒரு வரம்பைத் தாண்டினால் அதைப் ‘பின்தங்கிய ஆயக்கட்டு’ என்று அறிவிக்கலாம். 2019-ல் செங்கல்பட்டு மாவட்டம் உருவானபோது குன்றத்தூரைத் தனி வட்டமாக்கிய அரசுக்கு இந்தக் கோட்டைப் போடுவது கடினமல்ல.

இரண்டாவதாக, அதற்கென்று நிலையான நிதி வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை உருவாக்கினார்கள். சுரங்கக் குத்தகைதாரர் ராயல்டியுடன் கூடுதலாக ஒரு பங்கைக் கட்ட வேண்டும்; அது சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிக்கே செலவாக வேண்டும். தொழிற்பூங்கா மனைகளின் குத்தகைத் தொகையிலும் நிலப் பயன்பாட்டு மாற்றக் கட்டணத்திலும் இதேபோல் ஒரு பங்கை ‘ஏரி நிதி’ ஆக்கலாம். மதகு, வாய்க்கால், கலங்கல், வயலுக்கு இயந்திரம் இறங்கும் பாதை ஆகியவையே அதன் வேலை. 2013 கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களின் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குக் கேட்கிறது. உள்ளூருக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. ஆனால் இந்த ஆண்டு பள்ளிக் கட்டடம், அடுத்த ஆண்டு மருத்துவ முகாம் என்று மாறக்கூடிய பணத்தை நம்பி ஒரு மதகைப் பராமரிக்க முடியாது.

மூன்றாவதாக, செலவை முடிவு செய்யும் இடத்தில் சாகுபடி செய்பவர் உட்கார வேண்டும். ஐரோப்பாவில் 1991 முதல் ஊரக வளர்ச்சிக்கு உள்ளூர்க் குழுக்கள் இயங்குகின்றன. அரசுத் தரப்புக்கு அங்கே பாதி வாக்குகூடக் கிடையாது. நம் குழுக்களில் பட்டாதாரருடன் குத்தகைதாரருக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இடம் இருக்க வேண்டும். பி.எம். கிசான் தரும் 6,000 ரூபாய் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் போகிறது. ஏரி நிதியும் அந்த வழியில் போய்விடக் கூடாது.

ஐரோப்பாவில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. அங்கும் விவசாய மானியத்தின் பெரும்பகுதி பெரிய பண்ணைகளுக்கே போகிறது என்ற புகார் நீண்ட காலமாக உண்டு. ஆனால் வளர்ந்த பகுதிக்குப் பக்கத்தில் இருப்பதாலேயே ஒருவர் வளர்ந்துவிட்டதாக எண்ணக் கூடாது என்பதை அவர்கள் விதியில் திருத்திக் காட்டினார்கள்.

உங்கள் ஏரியின் பதிவு ஆயக்கட்டு எத்தனை ஏக்கர்? கடந்த மூன்று ஃபசலிகளில் அதில் தரிசு எவ்வளவு? அடுத்த கிராம சபையில், நகராட்சி என்றால் பகுதி சபையில், இந்த இரண்டு எண்களைக் கேளுங்கள். தீர்மானத்தில் எழுத வையுங்கள். எண் கையில் இருந்தால்தான் நிதி கேட்க முடியும்.