மூணாறு மாதா கோயில் திருவிழா: வீடு கம்பெனியோடது... ஊர் யாரோடது?

போடியிலிருந்து மூணாறு சுமார் 70 கி.மீ. போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகள், பூப்பாறை, ஏலத்தோட்டம், அப்புறம் தேயிலை. இந்த ரூட்ல ரீல்ஸ் எடுக்காதவங்க குறைவு. ஆனா, மூணாறு டவுன்ல இருக்குற கார்மல் மாதா கோயிலை எத்தனை பேர் கவனிச்சிருப்போம்?

1898-ல் ஸ்பெயினிலிருந்து வந்த கார்மல் சபைத் துறவி அல்போன்ஸ் தொடங்கிய பங்கு அது. தேயிலைத் தோட்ட வேலைக்கு மலையேறி வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க தமிழர்கள். டாப் ஸ்டேஷன்லேர்ந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கின தேயிலை, போடி வழியாத்தான் வெளியே போச்சு. 2024-ல் போப் பிரான்சிஸ் இந்தக் கோயிலை பசிலிக்காவாக உயர்த்தினார். இடுக்கி மாவட்டத்துக்கே முதல் பசிலிக்கா!

பெருமைதான். ஆனா, திருவிழா கொண்டாடுற ஜனங்க அங்கேயே இருக்க முடியுமாங்கிறதுதான் கேள்வி.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்து வீடு கம்பெனியோடது. ரிட்டயர் ஆனா காலி பண்ணணும். பிள்ளைங்களோ கோவை, திருப்பூர்னு வேலை தேடிக் கிளம்பிடுறாங்க. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடி நிலச்சரிவுல 70 பேர் போனப்போதான் பலருக்கும் இது உறைச்சுது: தலைமுறை தலைமுறையா உழைச்சும், பலருக்குச் சொந்தமா ஒரு சென்ட் நிலம்கூட இல்லை.

பட்டா இல்லாதவங்களுக்கு 'ஊர்'னா என்ன? பேர் எழுதின பங்குப் பதிவேடு, தாத்தாவைப் புதைச்ச கல்லறை, வருஷா வருஷம் ஏறுற கொடி. கார்மல் மாதா திருநாள் ஜூலை 16. கொட்டுற மழை, ஏலக்காய் பறிப்பு தொடங்குற நேரமும்கூட. ஒருநாள் வேலைக்குப் போகலைன்னா அன்னிக்குக் கூலி இல்லை. அப்படியும் ஒருத்தர் திருவிழாவுக்கு வர்றார்னா, அது வெறும் பக்தி மட்டுமில்லை. 'இது எங்க ஊரு'ங்கிற உரிமை.

பெட்டிமுடியில் தப்பிச்ச 8 குடும்பங்களுக்கு குற்றியார்வாலியில் இடமும் வீடும் கிடைச்சுது. ஆக, மனசு வெச்சா முடியும். அதுக்கு ஒரு பேரழிவு வந்தாகணும்னு இல்லை.

பசிலிக்கா பட்டம் கோயிலுக்கு மதிப்பைக் கூட்டும். திருவிழா நிலைக்கணும்னா, தேயிலை கிள்ளின கைகளுக்கு ஓய்வுக்குப் பிறகும் அந்த மலையில ஒரு வீடு வேணும். அடுத்த தடவை மூணாறு போனா, வியூ பாயின்ட்டோட நிறுத்திடாதீங்க. பக்கத்துல இருக்குற லயத்தையும் ஒரு நிமிஷம் பாருங்க மக்களே!