மறைக்கலாம், அழிக்க வேண்டாம்

திருவண்ணாமலையில், 217 அடி ராஜகோபுரம் பின்னால் தெரிய எடுத்த பழைய குரூப் போட்டோ. எதிர்வீட்டு மாமியிடம் தன் அம்மாவின் படம் என்று இருப்பது அது ஒன்றுதான். "மாலை போட அம்மாவை மட்டும் பிரிச்சுக் கொடேன்" என்றார்.

சகோதரிகளே, இம்மாதிரிப் படத்தை ஸ்கேன் செய்தபின் மற்றவர்களை ரப்பர் போட்டு அழிக்கவே கூடாது. இலவசமாகக் கிடைக்கும் 'கிம்ப்'பில், வேண்டியவரைச் சுற்றிக் கோடிட்டுத் தேர்ந்தெடுத்து 'மாஸ்க்' போடுங்கள். அதில் வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், சாம்பல் நிறம் அரைகுறை. புடவைத் தலைப்பு தப்பித்தவறி மறைந்தாலும் வெள்ளையைத் தடவினால் வந்துவிடும். நெற்றியோரத் தலைமயிர்தான் படுத்தும்! அங்கே கத்தரித்த மாதிரி இல்லாமல் ஓரத்தை மெத்தென்று மங்கவிடணும். ஒரு மணி நேரம் ஆனால் ஆகட்டுமே.

முடித்ததும் 'எக்ஸ்.ஸி.எஃப்.' கோப்பாகச் சேமியுங்கள். 'ஜேபெக்'கில் மாஸ்க் தங்காது. பக்கத்தில் நின்ற சித்தப்பா, சித்தி எல்லாரும் அதற்குள் பத்திரமாக இருப்பார்கள்.